புதிய இயங்குதளம் வந்துவிட்டது, மாறத்தான் வேண்டுமா?

(கணினிப் பாடக் கட்டுரை)



2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு, விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு வழங்கிவந்த வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலை 29-இல் வெளிவந்து, பத்தாண்டுகளுக்கு மேலாக வீட்டிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் உழைத்த இயங்குதளம் அது. அன்று எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. மறுநாள் காலையிலும் பொத்தானை அழுத்தியவுடன் திரை ஒளிர்ந்தது; முதல் நாள் தட்டச்சு செய்த கட்டுரை அப்படியே இருந்தது; பிரிண்டரும் வழக்கம்போல் அச்சடித்தது. ஆனால் விண்டோஸ் 11-க்கு மாறும்படி சொல்லும் அறிவிப்பும் பல திரைகளில் வந்து நின்றது.

அந்த அறிவிப்பைக் கண்டதும் பல வீடுகளில் இரண்டு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. "நன்றாக ஓடுகிற கணினியை எதற்காகத் தொட வேண்டும்? எல்லாம் வியாபாரத் தந்திரம்" என்பது பெற்றோர் கட்சி. "எல்லாரும் மாறிவிட்டார்கள், நாம் மட்டும் பழையதையே கட்டிக்கொண்டு அழுவதா?" என்பது பிள்ளைகள் கட்சி. இரு கட்சியார் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதி தெரியாமல் முடிவெடுத்தால், ஒன்று பணம் வீணாகும். இல்லையேல் பாதுகாப்பு போய்விடும்.

புதியதா, பழையதா என்று கேட்பதைவிட, வேறொரு கேள்வியை முதலில் கேட்பது நல்லது. நம் கணினியில் உள்ள இயங்குதளத்தை இன்றைக்கும் யாரேனும் கவனித்துப் பழுது பார்த்து வருகிறார்களா? இக்கேள்விக்கு விடை கண்ட பிறகுதான் மற்றக் கேள்விகள். ஏன் என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

இயங்குதளம் என்பது யாது?

நூறு மாணவியர் தங்கிப் படிக்கும் ஒரு விடுதியை நினைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எந்தக் கட்டில், யார் எப்போது குளிக்கச் செல்வது, படிப்பு நேரம் எது, சாவி யாரிடம் இருப்பது, வாயிலில் வருபவர் யார் என்பவற்றையெல்லாம் விடுதிக் காப்பாளர் கவனித்துக்கொள்கிறார். அவர் பாடம் நடத்துவதில்லை, தேர்வு எழுதுவதுமில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் ஒருவர் கட்டிலில் மூவர் படுப்பர்; வாயிற்கதவு திறந்தே கிடக்கும்.

கணினியில் இந்தக் காப்பாளர் வேலையைச் செய்வதே இயங்குதளம். நாம் கடிதம் எழுதும் செயலி, படம் வரையும் செயலி, இணையத்தைக் காட்டும் உலாவி ஆகியவை விடுதி மாணவியரைப் போன்றவை. கணினியின் மூளையாகிய பிராசஸரை எந்தச் செயலி எத்தனை நொடித்துளி பயன்படுத்தலாம், ராம் என்னும் தற்காலிக நினைவகத்தில் எதற்கு எவ்வளவு இடம், கோப்புகளை வட்டில் எங்கே வைப்பது, பிரிண்டரிடம் யார் பேசுவது என்று பங்கிட்டுக் கொடுப்பது இயங்குதளம். நமக்குத் தெரியும் வண்ணத் திரையும் சின்னங்களும் அதன் முகம் மட்டுமே. விண்டோஸ், ஆப்பிள் கணினிகளில் உள்ள மேக் ஓஎஸ், லினக்ஸ், கைப்பேசியில் உள்ள ஆண்ட்ராய்டு ஆகியவை எல்லாம் இவ்வகையைச் சேர்ந்தவையே.

ஆகவே முகம் மாறியிருக்கிறதா என்பதை மட்டும் பார்த்து ஓர் இயங்குதளத்தை மதிப்பிடலாகாது. காப்பாளர் புதிய புடவை உடுத்தி வந்தாரா என்பதைவிட, வாயிற்கதவைச் சரியாகப் பூட்டுகிறாரா என்பதன்றோ முக்கியம்?

திருத்தம் வேறு, மாற்றம் வேறு

கணினியைப் பற்றிப் பேசும்போது பலர் இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்கின்றனர். அப்டேட் என்பது ஒன்று. அப்கிரேட் என்பது மற்றொன்று. முன்னதைத் திருத்தம் என்றும், பின்னதைத் தளமாற்றம் என்றும் இக்கட்டுரையில் அழைப்போம்.

விடுதிச் சுவரில் ஓட்டை விழுந்தால் கொத்தனாரை அழைத்து அடைப்பது திருத்தம். விடுதியையே புதுக் கட்டடத்திற்கு மாற்றுவது தளமாற்றம். முன்னதற்குச் செலவு இல்லை, சில நிமிடங்கள் போதும், மாதந்தோறும் வரும். பின்னது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. யோசித்துச் செய்ய வேண்டியது.

திருத்தம் ஏன் ஓயாமல் தேவைப்படுகிறது? ஓர் இயங்குதளம் பல லட்சம் வரிகளால், சில வேளைகளில் கோடிக்கணக்கான வரிகளால் எழுதப்பட்ட நிரல். எத்தனை திறமைசாலிகள் எழுதினாலும் அதில் பிழைகள் இருந்தே தீரும். அவற்றுள் சில பிழைகள், அயலார் உள்ளே நுழையும் ஓட்டைகளாக அமைந்துவிடுகின்றன. ஓட்டை தெரியவந்ததும் நிறுவனம் அதை அடைக்கும் திருத்தத்தை வெளியிடுகிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. திருத்தம் வெளியாகும் நாளில் திருடனுக்கும் ஒரு செய்தி கிடைக்கிறது. திருத்தத்திற்கு முந்திய நிரலையும் பிந்திய நிரலையும் ஒப்பிட்டுப் பார்த்தால், ஓட்டை எங்கே இருந்தது என்று அவன் கண்டுகொள்வான். "இன்ன வகைப் பூட்டைக் கொண்டை ஊசியாலும் திறக்கலாம், ஆகவே உடனே மாற்றிக்கொள்ளுங்கள்" என்று பூட்டுக் கம்பெனி ஊரெல்லாம் தண்டோரா போட்டால் எப்படியோ, அப்படித்தான். பூட்டை மாற்றியவர்கள் தப்பினர். மாற்றாதவர்களின் வீடு முன்னைவிட ஆபத்தில் இருக்கிறது.

திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளத்தின் நிலையும் இதுவே. விண்டோஸ் 10-உம் விண்டோஸ் 11-உம் பெரும்பகுதி நிரலைப் பொதுவாகக் கொண்டவை. விண்டோஸ் 11-இல் ஓர் ஓட்டை அடைக்கப்படும்போது, அதே ஓட்டை விண்டோஸ் 10-இலும் இருக்கக்கூடும் என்று தேடிப் பார்ப்பவர் இருப்பர். கணினி நேற்றுப் போலவே ஓடும். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆபத்து நாளுக்கு நாள் கூடும்.

பொறுத்தவர்கள் வென்ற கதை

அப்படியானால் புதியது வந்தவுடன் ஓடிச்சென்று மாறிவிட வேண்டுமா? வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

2001 அக்டோபர் 25-இல் விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தது. மக்கள் அதை விரும்பிப் பழகினர். அதற்கு அடுத்ததாக விண்டோஸ் விஸ்டா 2007 ஜனவரி 30-இல் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. பார்ப்பதற்கு அழகாக, கண்ணாடி போன்ற சட்டங்களோடு இருந்தது. ஆனால் அது அக்காலத்து எளிய கணினிகளுக்குத் தாங்க முடியாத சுமையாகியது. 512 மெகாபைட் ராம் இருந்தால் போதும் என்று குறைந்தபட்ச அளவு சொல்லப்பட்டது. அந்த அளவில் அது தவழ்ந்துதான் சென்றது. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த பழைய பிரிண்டர்களும் ஸ்கேனர்களும், அவற்றிற்கான இயக்கி நிரல் விஸ்டாவுக்கு ஏற்றபடி எழுதப்படாததால், பயனற்றுப் போயின.

எக்ஸ்பியிலேயே இருந்தவர்கள் என்ன இழந்தனர்? பெரிதாக ஒன்றுமில்லை. ஏனெனில் எக்ஸ்பிக்குத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8 வரை வந்துகொண்டே இருந்தன. இதற்கிடையில் 2009 அக்டோபர் 22-இல் விண்டோஸ் 7 வெளிவந்தது. விஸ்டாவின் பல குறைகள் அதில் நீங்கியிருந்தன. பொறுத்திருந்தவர்கள் ஒரு படியைத் தாண்டி நேரே அதற்குச் சென்றனர். மாறுவதற்குச் சில ஆண்டுகள் அவகாசமும் அவர்களுக்கு இருந்தது.

இவர்கள் பொறுத்தது சோம்பலால் அன்று. அவர்கள் வைத்திருந்த பழையதற்குக் காவல் இருந்தது. ஆகவே பொறுக்க முடிந்தது. இந்த வேறுபாட்டை நன்றாக நினைவில் கொள்ளுங்கள்.

அசட்டை செய்தவர்கள் அழுத கதை

இங்கிலாந்தில் 2017-இல் நடந்த நிகழ்ச்சி இதற்கு நேர்மாறானது.

2017 மார்ச் 14-ஆம் நாள், கணினிகள் தமக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பகுதியில் இருந்த ஓர் ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்டது. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவைக்கான கணினிப் பிரிவு, மார்ச் 17-இலும் ஏப்ரல் 28-இலும் மருத்துவமனை நிர்வாகங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. "திருத்தத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்பதே அதன் சாரம். பல இடங்களில் போடவில்லை.

மே 12, வெள்ளிக்கிழமை. வான்னாகிரை என்னும் தீநிரல் உலகைத் தாக்கியது. அது கணினியில் புகுந்து கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டாலர் கப்பம் கேட்டது. ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்கு, யாரும் எதையும் தொடாமலேயே தாவியது. சில நாட்களுக்குள் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின.

இங்கிலாந்தில் மருத்துவமனைகளை நிர்வகிக்கும் 236 அமைப்புகளுள் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. நோயாளியின் குறிப்பைத் திறக்க முடியவில்லை. பரிசோதனை முடிவைப் பார்க்க முடியவில்லை. ஐந்து இடங்களில் அவசர சிகிச்சைக்கு வந்தவர்களை வேறு மருத்துவமனைக்கு அனுப்ப நேர்ந்தது. அந்நாட்டுத் தணிக்கை அலுவலகத்தின் 2017 அக்டோபர் அறிக்கையின்படி, ரத்து செய்யப்பட்டதாக உறுதியான மருத்துவச் சந்திப்புகள் மட்டும் 6,912. மொத்தம் 19,000-க்கு மேல் இருக்கலாம் என்பது மதிப்பீடு. பல வாரங்கள் காத்திருந்து, அன்றைக்கு மருத்துவரைப் பார்க்க வந்தவர்களும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர்களும் இதில் அடங்குவர்.

அன்று மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது இங்கிலாந்து இளைஞர், அந்தத் தீநிரலுக்குள் இருந்த ஓர் இணைய முகவரியைக் கவனித்தார். அந்த முகவரி யார் பெயரிலும் பதிவாகவில்லை. அவர் அதைப் பதிவு செய்தவுடன் தீநிரலின் பரவல் தடைப்பட்டது. அது நடவாதிருந்தால் சேதம் இன்னும் பெருகியிருக்கும்.

இனிக் கூர்ந்து கவனியுங்கள். பாதிக்கப்பட்டவை எல்லாம் திருத்தம் நின்றுபோன பழைய எக்ஸ்பி கணினிகள்தாம் என்று முதலில் பலர் எண்ணினர். தணிக்கை அறிக்கை வேறு விதமாகச் சொன்னது. அங்கே சிக்கியவற்றுள் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அன்றைக்கு விண்டோஸ் 7-க்குத் திருத்தங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. 2020 ஜனவரி 14 வரையிலும் வந்தன. இலவசமாகக் கிடைத்த மருந்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு உண்ணாதிருந்தவர்களின் கதை அது. மார்ச் 14-க்கும் மே 12-க்கும் இடையே 59 நாட்கள் இருந்தன. தும்பை விட்டு வாலைப் பிடித்தார்கள்.

ஆகவே தளமாற்றம் செய்தவரெல்லாம் பாதுகாப்பாக இருக்கிறார் என்றும் சொல்லிவிட முடியாது. புதுக் கட்டடத்திற்குப் போனாலும் ஓட்டையை அடைக்காவிட்டால் ஓட்டை ஓட்டைதான். "பின்னர் நினைவூட்டு" என்ற பொத்தானை அழுத்தி அழுத்தித் திருத்தத்தைத் தள்ளிப்போடும் பழக்கம் நம் எல்லாரிடமும் உண்டு. அந்தப் பழக்கத்தை இன்றே விட வேண்டும்.

தமிழுக்கு வாசல் திறந்த மாற்றம்

தளமாற்றம் பாதுகாப்புக்காக மட்டுமே என்று எண்ண வேண்டாம். சில மாற்றங்கள், பழையதில் எவ்வகையிலும் செய்ய முடியாத ஒன்றைச் செய்ய வழி திறக்கின்றன. தமிழராகிய நமக்கு அத்தகைய மாற்றம் ஒன்று கிடைத்தது.

விண்டோஸ் 95, 98 காலத்தில் கணினியில் தமிழ் எழுதியவர்கள் பட்ட பாட்டை உங்கள் பெற்றோர் சிலர் அறிவர். அன்று தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் வடிவங்களை ஒட்டவைத்துச் செய்யப்பட்டவை. ஒருவர் எழுதி அனுப்பிய தமிழ்க் கடிதத்தை, அதே எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். சென்னையில் எழுதியது மதுரையில் படிக்க முடியாமல் போகும்.

ஒருங்குறி என்னும் யூனிகோடு முறை, 1991-இல் உலக மொழிகள் பலவற்றோடு தமிழ் எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுத்தது. 'அ' என்ற எழுத்துக்கு 2949 என்ற எண். அது வேறு எந்த மொழியின் எந்த எழுத்துக்கும் உரியதன்று. ஆனால் எண் கொடுத்தால் மட்டும் போதுமா? கொம்பை எழுத்துக்கு முன்னே போட வேண்டும், காலைப் பின்னே போட வேண்டும் என்ற நம் எழுத்து முறையை இயங்குதளம் அறிந்திருக்க வேண்டுமே! 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த விண்டோஸ் 2000 அதை அறிந்திருந்தது. லதா என்ற தமிழ் எழுத்துருவும் அதனோடு வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி அதை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. விண்டோஸ் 98-லிருந்து எக்ஸ்பிக்கு மாறிய தமிழருக்கு அந்த மாற்றம் தகுமா, தகாதா என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதனின்று ஓர் அளவுகோல் கிடைக்கிறது. "புதியதில் என்னென்ன இருக்கின்றன?" என்ற விளம்பரப் பட்டியலைப் படிப்பதைவிட, "எனக்குத் தேவையான எந்த வேலை பழையதில் முடியாமல் இருக்கிறது?" என்று கேட்பதே பயன் தரும்.

விண்டோஸ் 11 கேட்பதும் கொடுப்பதும்

இப்போது நம் முன்னுள்ள கேள்விக்கு வருவோம். விண்டோஸ் 11, 2021 அக்டோபர் 5-இல் வெளிவந்தது. தகுதியுள்ள விண்டோஸ் 10 கணினிகளுக்கு அது இலவசம். ஆகவே அதற்கு உரிமக் கட்டணம் என்று யாரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. சர்வீஸ் கடைக்காரர் தம் வேலைக்குக் கூலி கேட்பது வேறு.

அது கேட்கும் குறைந்தபட்சத் தகுதிகள் இவை: 64 பிட் பிராசஸர்; 4 ஜிகாபைட் ராம்; 64 ஜிகாபைட் வட்டு இடம்; கணினி தொடங்கும்போதே அயல்நிரல் புகாமல் காக்கும் செக்யூர் பூட் வசதி; டிபிஎம் 2.0 என்னும் சிறு பாதுகாப்புச் சில்லு. இன்டெல் பிராசஸராயின் பொதுவாக எட்டாம் தலைமுறை, அதாவது 2017-ஆம் ஆண்டையொட்டி வந்தவை முதல்தான் ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. பல கணினிகள் தடுக்கி விழுவது இங்கேதான். 4 ஜிகாபைட் ராம் என்பது ஏட்டளவில் போதும். நடைமுறையில் 8 ஜிகாபைட் இருந்தால்தான் சீராக ஓடும். விஸ்டாவின் கதையை மறந்துவிடாதீர்கள்.

அந்தச் சில்லு எதற்கு? வட்டில் உள்ள செய்திகளைப் பூட்டும் மறைச்சாவியை அது தன்னுள் பத்திரப்படுத்துகிறது. மடிக்கணினி களவு போனாலும் திருடனால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. விண்டோஸ் 11 தரும் பெரிய நன்மை இத்தகைய காவலும் தொடர்ந்து வரும் திருத்தங்களுமே. கட்டுரை எழுதுவது, கணக்குப் போடுவது, படம் பார்ப்பது ஆகியவற்றில் பெரிய வேறுபாட்டை எதிர்பார்க்க வேண்டாம்.

நம் முன்னுள்ள நான்கு வழிகள்

முதல் வழி: கணினிக்குத் தகுதி இருந்தால் விண்டோஸ் 11-க்கு மாறிவிடுவது. தகுதி உண்டா என்பதை மைக்ரோசாப்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவசச் செயலி சொல்லிவிடும். சில கணினிகளில் டிபிஎம் இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். விவரம் தெரிந்தவர் பயாஸ் அமைப்பில் அதை இயக்கிவிடலாம். ஆகவே "இல்லை" என்ற முதல் விடையைக் கேட்டவுடன் புதுக் கணினி வாங்க ஓட வேண்டாம்.

இரண்டாம் வழி: அவகாசம் பெறுவது. தனிப்பட்டவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் அறிவித்தது. அதற்குக் கட்டணம் 30 டாலர். கணினி அமைப்புகளைத் தன் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமித்து வைப்பவருக்கு இலவசம். பள்ளிகளுக்கு மூன்று ஆண்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது: ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 1 டாலர், இரண்டாம் ஆண்டு 2 டாலர், மூன்றாம் ஆண்டு 4 டாலர். கணினிக் கூடம் முழுவதையும் ஒரே ஆண்டில் மாற்ற இயலாத பள்ளிக்கு இது நல்ல வழி. ஆனால் அவகாசம் என்பது தவணையே; கடன் தீர்ந்துவிடவில்லை.

மூன்றாம் வழி: அதே கணினியில் லினக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றை நிறுவுவது. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், இன்று உபுண்டு, மின்ட் முதலிய பெயர்களில் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய கணினியிலும் நன்றாக ஓடும் வகைகள் உண்டு. கேரளத்து அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக இவ்வகைக் கட்டற்ற மென்பொருளிலேயே கணினிக் கல்வி நடத்திவருகின்றன. ஆயினும் எல்லாருக்கும் எளிது என்று சொல்ல முடியாது. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவு செய்து, சுமார் 15,000 கணினிகளை 2013-க்குள் மாற்றி முடித்தது. 2017-இல் மீண்டும் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் செயலி லினக்ஸில் கிடைக்குமா, வீட்டிலுள்ளோர் பழகிக்கொள்வார்களா என்று பார்த்தபின் இவ்வழியில் செல்லலாம். லினக்ஸுக்கும் காலக்கெடு உண்டு என்பதையும் மறவாதீர். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புகளுக்குப் பொதுவாக 5 ஆண்டுகள் திருத்தம் வரும்.

நான்காம் வழி: புதுக் கணினி வாங்குவது. மற்ற மூன்று வழிகளும் அடைபட்ட பின்னரே இதை எண்ண வேண்டும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். மகளின் படிப்புக்குத் தேவையான அளவில் வாங்கினால் போதும். பழையதைக் குப்பையில் எறியாமல், மின்னணுக் கழிவைப் பெற்றுக்கொள்ளும் அங்கீகாரம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். அதில் ஈயம் முதலிய நச்சுப் பொருள்கள் உண்டு.

ஒன்றும் செய்யாமல் இருப்பது ஐந்தாம் வழி ஆகாதா என்று கேட்பீர்கள். கணினியை இணையத்தில் இணைக்காமல், அயல் பென் டிரைவ் செருகாமல், தட்டச்சுப் பழகுவதற்கு மட்டும் வைத்திருந்தால் ஆகலாம். அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பதும், தேர்வு விண்ணப்பம் அனுப்புவதும், ஆதார் எண் பதிவதும் செய்தால் ஆகாது. "என்னிடம் வைரஸ் தடுப்பு இருக்கிறதே" என்பர் சிலர். அது காவற்காரரைப் போன்றது. தெரிந்த திருடனைப் பிடிப்பார்; இடிந்த சுவரைக் கட்டமாட்டார். நாளடைவில் மற்றச் செயலிகளும் கைவிட்டுவிடும். விண்டோஸ் 7-க்குத் திருத்தம் நின்று மூன்று ஆண்டுகள் சென்றபின், 2023-இல் குரோம் உலாவியின் புதிய பதிப்புகளும் அதில் இயங்காமல் போயின.

மாறுமுன் செய்ய வேண்டியவை

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது முதுமொழி. தளமாற்றத்திற்கு முன் இவற்றைச் செய்யுங்கள்.

1. புகைப்படங்கள், சான்றிதழ்கள், பாடக் குறிப்புகள் அனைத்தையும் வெளி வட்டு ஒன்றில் படியெடுத்து, அது திறக்கிறதா என்று வேறு கணினியில் சோதியுங்கள். படியெடுத்தால் மட்டும் போதாது. திறந்து பார்ப்பதே சோதனை.

2. பிரிண்டர், ஸ்கேனர், தமிழ்த் தட்டச்சுச் செயலி ஆகியவை புதியதில் வேலை செய்யுமா என்று கேட்டறியுங்கள். பழைய எழுத்துருவில் எழுதிய தமிழ்க் கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருவையும் சேமித்து வையுங்கள்.

3. வட்டு மறைச்சாவியால் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவி எண்ணை ஒரு தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அது தொலைந்தால் உங்கள் கோப்புகளை உங்களாலேயே திறக்க முடியாமல் போகலாம்.

4. தேர்வுக்கு முந்திய வாரத்திலும், விண்ணப்பத்திற்குக் கடைசி நாளிலும் மாறாதீர்கள். விடுமுறையில், மின்சாரம் தடைப்படாத வேளையில் செய்யுங்கள்.

5. கள்ளப் பிரதிகளைத் தொடாதீர்கள். அது பிறர் உழைப்பைத் திருடுவது. பல வேளைகளில் தீநிரலும் அதனுள்ளேயே ஒளிந்து வரும்.

மாணவியர் செய்து பார்க்க

இவ்வார இறுதியில் உங்கள் வீட்டுக் கணினியின் முன் பெற்றோரோடு அமர்ந்து, ஒரு தாளில் ஐந்து விடைகள் எழுதுங்கள். நம் இயங்குதளத்தின் பெயரும் பதிப்பும் யாவை? அதற்குத் திருத்தம் எந்த நாள் வரை வரும்? கடைசித் திருத்தம் எப்போது போடப்பட்டது? இக்கணினியில் நாம் செய்யும் முக்கியமான வேலைகள் யாவை? நம் கோப்புகளின் மறுபடி எங்கே இருக்கிறது? கைப்பேசிக்கும் இதே கேள்விகளைக் கேட்கலாம். நம் வீட்டாரின் பணமும் படங்களும் இப்போது அதில்தானே மிகுதியாக இருக்கின்றன.

இந்த ஐந்து விடைகளும் கையில் இருந்தால், மாறுவதா, பொறுப்பதா என்று விளம்பரமும் சொல்ல வேண்டாம். அடுத்த வீட்டுக்காரரும் சொல்ல வேண்டாம். திருத்தம் வந்துகொண்டிருந்து, வேலையும் குறைவின்றி நடந்தால் அமைதியாகப் பொறுத்திருக்கலாம். திருத்தம் நின்றுவிட்டால் நான்கு வழிகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். எந்த இயங்குதளமாயினும், வந்த திருத்தத்தை அன்றே போட்டுவிட வேண்டும். அதற்கு எவரிடமும் யோசனை கேட்க வேண்டியதில்லை.